மேட்டுப்பாத்தியை மரத்துண்டும் சருகும் மட்டையும் கொண்டு நிரப்புதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத்தோட்டத்தில் மேட்டுப்பாத்தி அமைப்பவர்களில் பலர், சுற்றிலும் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்கி முடித்த பிறகுதான் உள்ளே எவ்வளவு மண் கொட்ட வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்த மண்ணின் விலையைக் கேட்டவுடன் தோட்ட ஆசையையே கைவிடுபவர்களும் உண்டு. தெருவில் வெட்டிப் போட்ட கிளைகளும், கூட்டிக் குவித்த சருகும், இளநீர்க் கடை ஓரத்தில் மலைபோல் கிடக்கும் கூடுகளும் அந்த மண்ணின் பெரும்பகுதிக்கு ஈடாகும். தமிழ்நாட்டின் வெயிலையும் மழையையும் கரையானையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஒரு பாத்தியை நிரப்ப உண்மையில் எவ்வளவு பொருள் தேவைப்படும்?

8 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட பாத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 48 கன அடி. மண், மணல் வியாபாரிகள் ஒரு யூனிட் என்று சொல்வது 100 கன அடி என்பதால், இந்த ஒற்றைப் பாத்தியே ஏறத்தாழ அரை யூனிட் கேட்கும். லிட்டரில் சொன்னால் 1,360 லிட்டர். இதை நர்சரியில் விற்கும் மண்கலவை மூட்டைகளால் நிரப்ப முயன்றால் செலவு எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை போன்ற காய்கறிகள் தமக்கு வேண்டிய நீரையும் சத்தையும் பெரும்பாலும் மேல் ஓர் அடி மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. கீரைக்கு அரை அடி போதும். எனவே ஒன்றரை அடிப் பாத்தியில் மேலே உள்ள ஒன்பது அங்குலத்தில் நல்ல மண்கலவையும், அதற்குக் கீழே வேர் மெதுவாக எட்டிப் பார்க்கும் பகுதியில் மட்கிக்கொண்டிருக்கும் தாவரப் பொருளும் இருந்தால் பயிர் குறைபடாது. விலை கொடுத்து வாங்குவது 48 கன அடியிலிருந்து 24 கன அடியாகக் குறைந்துவிடுகிறது. அந்த 24 கன அடியிலும் ஒரு பங்கை வீட்டுத் தோட்டத்து மண்ணைக் கொண்டே ஈடுகட்டலாம்.

மரத்தைப் புதைத்து மேலே பயிரிடும் வழக்கம் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே? நம் ஊருக்கு ஒத்துவருமா?

ஹியூகல்கல்ச்சர் என்ற பெயரில் இன்று பரவியிருக்கும் முறை ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தது. ஆஸ்திரியாவின் மலைப்பகுதியில் பண்ணை நடத்திய செப் ஹோல்சர் அதை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர். அங்கே மரத்தை ஆள் உயரத்துக்கு மேடாகக் குவித்து மண்ணால் மூடுகிறார்கள். குளிர் மிகுந்த நிலத்தில் மரமும் தழையும் மட்கும்போது வெளிப்படும் வெப்பம் மண்ணைச் சீக்கிரம் சூடேற்றுகிறது. மேட்டின் சரிவு வெயிலை ஏந்துகிறது. அவர்களுக்கு அது வரம்.

நமக்கு வெப்பம் தேவையில்லை, ஈரம்தான் தேவை. அந்த ஈரத்துக்காகத் தாவரக் கழிவைப் புதைக்கும் வழக்கம் நம் தென்னந்தோப்புகளில் நெடுநாளாகவே இருக்கிறது. தென்னையைச் சுற்றி 5 அடி ஆரத்தில், ஓர் அடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள வட்டக் குழி எடுத்து, தேங்காய் உரித்த மட்டைகளை (உரிமட்டைகளை) குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி மண்ணால் மூடுவார்கள். மழைநீரை அந்த மட்டைகள் பிடித்து வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். மேட்டுப்பாத்தியின் அடியில் நாம் செய்வதும் இதே வேலைதான். ஆகவே முறை ஒத்துவரும், வடிவம்தான் ஒத்துவராது. ஆள் உயர மேடு நம் சித்திரை வெயிலில் நான்கு பக்கமும் காய்ந்து, உள்ளே இருக்கும் மரமும் உலர்ந்து, கரையானுக்கு இரையாகிவிடும்.

இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி போன்ற வறண்ட மாவட்டங்களில் இருப்பவர்கள் பாத்தி இடத்தில் ஓர் அடி ஆழம் தோண்டி, மரத்தைத் தரைமட்டத்துக்குக் கீழேயே வைத்து, தரைக்கு மேல் முக்கால் அடி மட்டும் உயர்த்துவது நல்லது. தோண்டிய மண்ணே மேல் கலவைக்கும் பயன்படும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போல ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் இடங்களில் தோண்டாமல் தரைக்கு மேலேயே ஒன்றரை அடி கட்டுங்கள். தேங்கிய நீரில் மூழ்கிய மரம் காற்றில்லாமல் அழுகி நாற்றமடிக்கும். வேரும் சேர்ந்து அழுகும்.

எந்த மரங்களைப் பயன்படுத்தலாம்?

ஏற்கெனவே பாதி உளுத்துப்போன, விரலால் அழுத்தினால் அமுங்கும் கட்டைகளே எல்லாவற்றிலும் சிறந்தவை, ஏனென்றால் அவை நனைந்த பஞ்சு போல நீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். முருங்கை, ஒதியன், இலவம், பப்பாளித் தண்டு, வாதநாராயணன், அகத்தி, மலைவேம்பு ஆகியவை மென்மையானவை. நம் வெப்பத்தில் ஓரிரு ஆண்டில் மட்கத் தொடங்கிவிடும். மா, புங்கன், வாகை, கொய்யா ஆகியவற்றின் கிளைகள் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். தேக்கு, புளி, சவுக்கு போன்ற வன்மரங்கள் தீங்கு செய்யாது; ஆனால் நெடுங்காலம் கட்டையாகவே கிடக்கும், ஈரத்தையும் அதிகம் பிடிக்காது. அவற்றை அடியில் நிரப்பியாக மட்டும் கருதலாம்.

கைப்பிடிப் பருமனுக்கு மேற்பட்ட கட்டைகள் கீழே, சுள்ளிகள் அதன் மேலே என்பது பொது விதி. மிகப் பெரிய தடிகளைத் தூக்கிவந்து போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்றரை அடிப் பாத்திக்குத் தொடைப் பருமனே அதிகம்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

முதலில் உயிருள்ள போத்துகள். முருங்கை, கிளைரிசிடியா, பூவரசு, கிளுவை, ஒதியன், கல்யாண முருங்கை ஆகியவற்றை வேலிக்கு ஊன்றுவதே வெட்டிய கிளை வேர்விடும் என்பதால்தான். அவற்றைப் பச்சையாகப் பாத்தியில் புதைத்தால், எரு போட்டு நீர் ஊற்றி நீங்களே மரக்கன்று வளர்த்தது போலாகிவிடும். பட்டை காய்ந்து உரியும் வரை சில வாரங்கள் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

யூகலிப்டஸ் என்னும் தைல மரத்தின் இலையும் பட்டையும் மற்றச் செடிகளின் முளைப்பைத் தடுக்கும் பொருள்களைக் கொண்டவை. சீமைக்கருவேலத்தின் தழைக்கும் அதே குணம் உண்டு. போதாக்குறைக்கு முள்ளும், காயில் முளைக்கத் தயாராக இருக்கும் விதையும் இருக்கும். கிளை நீக்கிய பழைய சீமைக்கருவேலக் கட்டையை அடியில் போடுவதில் குற்றமில்லை, தழையையும் காயையும் பாத்திக்குள் கொண்டுவராதீர்கள்.

பிளைவுட், சிப் போர்டு, வர்ணமோ வார்னிஷோ பூசிய பழைய கதவு, ஜன்னல் சட்டங்கள், தார் எண்ணெய் ஏற்றிய பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் ஆகிய எதையும் உண்ணும் பயிருக்கு அடியில் வைக்கக் கூடாது. சரக்குப் பெட்டிகளோடு வரும் பேலட் பலகைகளில் முத்திரை இருக்கும். அதில் ஆங்கிலத்தில் எச்.டி. என்று இருந்தால் வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தியது, எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஏற்றியது. இரண்டாவதை விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாததையும் நான் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன்.

உரிமட்டை, இளநீர்க் கூடு, நார்க்கழிவு: இவை மரத்துக்கு மாற்றாகுமா?

ஆகும் என்பது மட்டுமல்ல, தமிழ்நாட்டில் இவையே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நகரத்தில் நல்ல மரக்கட்டை தேடுவது கடினம். இளநீர்க் கூடோ எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். கேட்டால் விற்பவர் நன்றி சொல்லித் தருவார், ஏனென்றால் அதை அப்புறப்படுத்துவது அவருக்குச் செலவு. திறந்த வெளியில் கிடக்கும் கூடுகளில் மழைநீர் தேங்கி டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுகிறது. அதே கூடு மண்ணுக்குள் போனால் அந்தக் கவலை இல்லை, பாத்திக்கும் நீர்த்தேக்கம் கிடைக்கிறது.

கூடுகளை முழுதாகப் போடாமல் அரிவாளால் இரண்டாகவோ நான்காகவோ பிளந்து போட வேண்டும். முழுக் கூடு உள்ளே வெற்றிடத்தை உண்டாக்கி, பின்னால் பாத்தி திடீரென்று உள்வாங்கக் காரணமாகும். பிளந்த துண்டுகளைக் குழிந்த பக்கம் மேலாக வைத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு கை மண்ணோ சாணக் கரைசலில் நனைத்த சருகோ இட்டு நிரப்புங்கள். தேங்காய் மட்டையில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) நிறைய உண்டு; காய்க்கும் பயிர்களுக்கு அது நல்லது. துவர்ப்பும் உப்பும்கூட உண்டு என்பதால், புது மட்டைகளை ஒரு தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து அந்தப் பழுப்பு நீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்தினால் பாதுகாப்பு.

தேங்காய் நார் ஆலைக் கழிவாகிய தூளை அப்படியே மேல் மண்ணில் கலப்பது வேறு விஷயம். அது தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலாக நீர் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் மட்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் 112:1 அளவில் இருக்கும்; அதாவது தழைச்சத்து மிகக் குறைவு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் மாற்றி மாற்றி அடுக்கி 60 நாள் மட்க வைத்தால் அது 24:1 அளவுக்கு இறங்கும். மட்கிய நார்க்கழிவு மேலே வரலாம். மட்காதது கீழே இருக்கட்டும்.

இலைகளெல்லாம் மஞ்சளாகிவிட்டன. மரம் சத்தைத் தின்றுவிட்டதா?

பெரும்பாலும் அதுதான் காரணம். நுண்ணுயிர்கள் ஒரு பொருளை வசதியாக மட்கச் செய்ய, 25 அல்லது 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். மாட்டுச் சாணமும் பச்சைத் தழையும் இந்த அளவுக்கு அருகிலோ அதைவிடச் செழுமையாகவோ இருக்கின்றன. வைக்கோலில் விகிதம் ஏறத்தாழ 60 முதல் 80. மரத்திலும் மரத்தூளிலும் சில நூறு. குறைபடும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுத்து மஞ்சளாகும், செடி வளராமல் நிற்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த இழுபறி மரமும் மண்ணும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் நடக்கிறது. பெரிய கட்டை ஆழத்தில் கிடந்தால் அதன் மேற்பரப்பு குறைவு, அதனால் இழப்பும் குறைவு. அதே மரத்தைத் தூளாக்கி மேல் மண்ணோடு கலந்தால் ஒவ்வொரு துகளும் தழைச்சத்தை இழுக்கும். மர அறுவை ஆலைத் தூளை மேல் கலவையில் சேர்க்காதீர்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

மஞ்சளாகிவிட்ட பாத்திக்கு உடனடித் தீர்வு, ஒரு பங்கு கோமியத்தைப் பத்துப் பங்கு நீரில் கலந்து வாரம் ஒரு முறை வேரில் ஊற்றுவது; அல்லது கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, தெளிவை நீர்த்து ஊற்றுவது. வராமல் தடுக்க, மரத்துக்கு மேலேயே புதுச் சாணக் கரைசலும் கிளைரிசிடியா, அகத்தி, புங்கன், வேம்பு ஆகியவற்றின் பச்சைத் தழையும் தாராளமாக இட வேண்டும். முதல் பயிராகத் தட்டைப்பயறு, கொத்தவரை, அவரை போன்றவற்றை விதைத்தால் அவை தம் வேர்முடிச்சுகளின் உதவியால் தமக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியைத் தாமே தேடிக்கொள்ளும்.

அடுக்கும் வரிசை என்ன?

பாத்தி அடியில் புல் இருந்தால், பசைநாடா உரித்த சாதாரணப் பழுப்பு அட்டையை ஒன்றன்மேல் ஒன்று படிய விரித்து நன்றாக நனையுங்கள். அருகம்புல் ஓரளவு அடங்கும். கோரை அடங்காது, அதன் கூர்முனை அட்டையைத் துளைத்து வெளிவரும். கோரைக் கிழங்கைத் தோண்டிப் பொறுக்கி எடுத்த பிறகுதான் பாத்தி வேலையையே தொடங்க வேண்டும், இதில் குறுக்கு வழி கிடையாது.

அதன் மேல் ஊறிய கட்டைகளையும் மட்டைகளையும் நெருக்கமாக அடுக்குங்கள். காய்ந்த கட்டை மேலே ஊற்றும் தண்ணீரை எளிதில் ஏற்காது என்பதால், இயன்றால் முந்தின சில நாள் ஊறப்போடுங்கள். பிறகு இடைவெளிகளைச் சுள்ளி, மண், சருகு கொண்டு அடைத்து மிதித்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிடுபவர்களே அதிகம். பாத்தி உள்வாங்குவது, எலி குடியேறுவது, கரையான் பெருகுவது ஆகிய மூன்றுக்கும் அடைக்காத இடைவெளிதான் தொடக்கம். அடுத்துச் சாணக் கரைசல், பச்சைத் தழை, துண்டாக்கிய வாழைத்தண்டு. அதற்கும் மேல் சருகு, கரும்புச் சக்கை, வைக்கோல், பாதி மட்கிய குப்பை. ஒவ்வோர் அடுக்கையும் நீர் ஊற்றி நனைத்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசியாக முக்கால் அடி மண்கலவை, அதன் மேல் மண்ணை மூட இரண்டங்குலம் சருகோ வைக்கோலோ பரப்பிய மூடாக்கு.

மேல் மண்கலவைக்கு என்ன அளவு?

செம்மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மண்புழு உரமோ மட்கிய நார்க்கழிவோ ஒரு பங்கு. களிமண் நிலத்தவர்கள் தங்கள் மண்ணையே பயன்படுத்தலாம். தொழுவுரத்தின் அளவை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏரி வண்டல் சத்துள்ளது என்றாலும் தனியாகப் போட்டால் காய்ந்து இறுகி வெடிக்கும். தொழுவுரம் கருத்து, உதிர்ந்து, சாண வாடை போய், மண் வாடை வந்திருக்க வேண்டும். செலவு செய்வதானால் இந்தக் கலவைக்குச் செலவு செய்யுங்கள். இங்கே மிச்சம் பிடித்தால் விளைச்சலில் தெரியும்.

கரையான் வந்துவிடாதா?

வரும். நம் மண்ணில் காய்ந்த மரத்தைப் புதைத்துவிட்டுக் கரையான் வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். குளிர்நாடுகளில் பூஞ்சைகள் மெதுவாகச் செய்யும் வேலையில் ஒரு பங்கை வெப்பநாடுகளில் கரையான்கள் செய்கின்றன. இறந்த மரத்தை மண்ணாக்குவது அவற்றின் இயல்பு. கத்தரி, தக்காளி, பூசணி போன்ற சதைப்பற்றுள்ள உயிர்ச்செடிகளை, மண்ணில் ஈரம் இருக்கும்வரை, அவை பெரும்பாலும் தொடுவதில்லை. நிலக்கடலை, கரும்பு, இளம் தென்னங்கன்று ஆகியவற்றுக்குக் கரையானால் சேதம் உண்டு; அவற்றை இத்தகைய பாத்தியில் வைக்காதீர்கள்.

உண்மையான கவலை பாத்தியைப் பற்றியது அல்ல, வீட்டைப் பற்றியது. மரம் புதைத்த பாத்தியை வீட்டுச் சுவரை ஒட்டியோ, மரக்கதவு, மரத்தூண், விறகு அடுக்கு ஆகியவற்றின் அருகிலோ அமைக்கவே கூடாது. பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். அந்த இடம் இல்லாதவர்கள் மரத்தையும் அட்டையையும் விட்டுவிட்டு, பச்சைத் தழை, வாழைத்தண்டு, மட்கிய குப்பை ஆகியவற்றால் மட்டும் அடியை நிரப்பலாம். பாத்தி சீக்கிரம் இறங்கும், ஆனால் வீடு பாதுகாப்பாக இருக்கும். பாத்திக்குள் கரையானைக் கட்டுப்படுத்த முதல் வழி ஈரம் வற்றாமல் காப்பது. மரத்தின் மேல் அடுக்கில் வேப்பம் புண்ணாக்குத் தூள் இரண்டு கிலோ தூவலாம். கரையான் மருந்துகளை உண்ணும் பயிர் நிற்கும் மண்ணில் ஊற்றாதீர்கள்.

பாத்தியைக் கிளறியபோது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் இருந்தன. அவை என்ன?

அருகில் தென்னை இருந்தால், அவை காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருக்க வாய்ப்பு மிகுதி. பழுப்புத் தலையுடன், அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். எருக்குழியும் மட்கிய தென்னந்தண்டும் அவற்றுக்குப் பிறப்பிடம். இந்தப் புழு மட்கிய பொருளைத்தான் உண்கிறது, காய்கறி வேரை நாடுவதில்லை. ஆனால் வண்டாகி வெளியேறித் தென்னையின் குருத்தைக் குடையும். விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டோடு இருந்தால் இந்த வண்டின் வேலை.

தோப்புக்கு நடுவே பாத்தி அமைப்பவர்கள் உளுத்த தென்னந்தண்டைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உரிமட்டை, தென்னை மட்டை போதும். கிளறும்போது கண்ணில் படும் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். பச்சை மஸ்கார்டின் எனப்படும் மெட்டாரைசியம் பூஞ்சையை எருவில் கலந்து இடலாம். அது இந்தப் புழுக்களை நோயுறச் செய்து கொல்லும், பயிருக்குத் தீங்கில்லை. நம் பாத்தியில் பிறந்த வண்டு பக்கத்து வீட்டுக்காரரின் தென்னையை அழிக்கலாம் என்பதால், இது நம் தோட்டத்தோடு முடியும் விஷயம் அல்ல.

வேரை உண்ணும் வேர்ப்புழுக்கள் வேறு, அவை சிறியவை. செடி காரணமில்லாமல் வாடி, இழுத்தால் வேரறுந்து கையோடு வந்தால் அவற்றைத் தேடிப் பாருங்கள்.

எலி, பெருச்சாளி, பாம்பு?

இடைவெளி இல்லாமல் நிரப்பிய ஈரமான பாத்தியில் இவை தங்குவது அரிது. பெருச்சாளித் தொல்லை உள்ள இடங்களில் அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை விரித்துவிடுங்கள். சமைத்த உணவு, மீன் கழிவு, எண்ணெய் கலந்தது எதையும் உள்ளே இடாதீர்கள். பழைய விறகுக் குவியலிலிருந்து கட்டை எடுக்கும்போது தேளும் பூரானும் இருக்கும் என்று கருதியே கை வையுங்கள்.

பாத்தியில் காளான் முளைக்கிறது. ஆபத்தா?

இல்லை. மரம் மட்குகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை. சமையலுக்குப் பறிக்க வேண்டாம்.

எப்போது நிரப்புவது, எப்போது நடுவது?

புரட்டாசிக்குள் நிரப்பி முடிப்பதே சிறந்தது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது; அந்த மழை கட்டைகளை உள்வரை நனைத்து, அடுக்குகளைப் படியவைத்துவிடும். நாம் ஊற்றும் குழாய்த் தண்ணீரால் அந்த அளவு ஊறவைப்பது எளிதல்ல. மழைக்காலத்தில் அதில் பயறு வகையோ கொடியோ இருக்கட்டும், தை மாதத்தில் நாற்று நடலாம். ஆடிப்பட்டத்தைத் தவறவிட மனமில்லாதவர்கள் வைகாசிக் கடைசியிலேயே நிரப்பத் தொடங்க வேண்டும். பங்குனி, சித்திரையில் மட்டும் புதுப் பாத்தியைத் தொடங்காதீர்கள்.

பச்சைத் தழையும் சாணமும் மிகுதியாக இட்ட பாத்தி முதல் இரண்டு மூன்று வாரம் உள்ளே சூடாகும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி வைத்துச் சற்று நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் நாற்றுக்கு நேரம் வரவில்லை.

முதல் ஆண்டுக்குப் பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரி, பயறு வகைகள் ஏற்றவை. பாத்தி இறங்கிக்கொண்டிருக்கும்போது கேரட், முள்ளங்கி, பீட்ரூட் விதைத்தால் கிழங்கு கோணும், பிளவுபடும். அவை இரண்டாம் ஆண்டுக்கு இருக்கட்டும். கீரை தழைச்சத்தை அதிகம் கேட்பது. மேல் கலவை செழுமையாக இருந்தால் மட்டும் முதல் ஆண்டிலேயே விதைக்கலாம்.

மொட்டை மாடியில் இப்படிச் செய்யலாமா?

கூடாது. நடமாட்டமுள்ள தட்டையான கூரைக்கு இந்தியத் தரநிலை 875 கணக்கில் எடுத்துக்கொள்ளும் கூடுதல் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. மழையில் நனைந்த ஓர் அடி உயரப் பாத்தி, மரமும் மட்கும் கலந்திருந்தாலும், சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மாடியில் பெரிய பாத்தி வைப்பது உயிரோடு விளையாடுவது. மாடிக்கு எடை குறைந்த கலவை நிரப்பிய பைகளே பொருத்தம். அவற்றில் மரத்துண்டுக்கு இடமில்லை, ஏனென்றால் சிறிய பையில் வேர் முழுவதும் மரத்தோடு போட்டியிட நேரும். அடியில் இரண்டங்குலம் காய்ந்த சருகு போடுவதில் தவறில்லை.

இவ்வளவு பொருளை எங்கே தேடுவது?

தேட வேண்டியதில்லை, கேட்டால் போதும். மின்கம்பிக்காகக் கிளை வெட்டும் நாளில் ஊழியர்களிடம் சொன்னால் உங்கள் வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். கரும்புச்சாறு கடையில் சக்கை, தேநீர்க் கடையில் தூள், காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் இலையும் வாழைமட்டையும், திருமண மண்டபத்தில் வாழைமரம், கோயிலில் கழித்த மாலைகள் கிடைக்கும். மாலையில் உள்ள நைலான் நூலையும் ஜிகினாவையும் பிரித்தெடுத்துவிடுங்கள். வைக்கோல் வாங்கும்போது அந்த வயலில் களைக்கொல்லி அடித்தார்களா என்று கேளுங்கள்.

சருகைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் அரசும் உதிர்க்கும் இலையைத் தெருத்தெருவாகக் கூட்டிக் கொளுத்துகிறோம். அந்தப் புகை குழந்தைகளின் மூச்சுக்குள் போகிறது. மண்ணுக்குப் போக வேண்டியது சாம்பலாகிறது. ஒரு தெருவின் ஒரு பருவத்துச் சருகு பல பாத்திகளை நிரப்பும். பக்கத்து வீட்டாரிடம் பேசி அதைக் கோணியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்தி இறங்கிக்கொண்டே போகிறது. மறுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். முதல் ஆண்டில் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு வரை இறங்குவது இயல்பே. நம் வெப்பத்தில் மட்குதல் வேகமாக நடக்கிறது. ஒவ்வொரு பயிர் முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுத்து, வேரை உள்ளேயே விட்டுவிடுங்கள். நோய் தாக்கிய செடியை மட்டும் வேரோடு அகற்றுங்கள். பிறகு மேலே இரண்டு மூன்று அங்குலம் மட்கிய எருவும் சருகும் போட்டால் அடுத்த பருவத்துக்குப் பாத்தி தயார். மேல் மண்ணின் ஆழம் அரை அடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

மென்மரம் இட்ட பாத்தியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தோண்டினால், கட்டை இருந்த இடத்தில் கருத்துப் பொலபொலத்த மட்கு இருக்கும். அதை அடுத்த புதுப் பாத்தியின் மேல் கலவைக்கு எடுத்துக்கொண்டு, காலியான அடிப்பகுதியில் மறுபடி ஊறிய மட்டையும் கிளையும் இடலாம். தோட்டத்தில் மூன்று பாத்திகள் இருந்தால், ஆண்டுக்கு ஒன்றாக இப்படிச் சுழற்றிவந்தால், மேல் கலவைக்கு வெளியிலிருந்து வாங்கும் உரத்தின் அளவு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும்.